பெரியவருக்கு ஒரு பெல்ட்

ஜூலை 3

இன்றும் கதோனி நடந்துதான் போனாள். விடியற்காலை மூடுபனியில், பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, நியாஹுருரு ஆஸ்பத்திரி வரைக்கும். வாசலில் என் மூன்று வரிசை பெஜோ கார் நிற்கிறது. நாலு சக்கரமும் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஓட்ட நான் இருக்கிறேன். இல்லாதது குழந்தை சீட் ஒன்றுதான். அது இல்லாமல் என் பேரனை என் வண்டியில் ஏற்ற மாட்டாளாம் என் மருமகள்.

"மடியில வச்சுக்கோயேம்மா. உன் புருஷன் அப்படித்தானே வளர்ந்தான்."

"தெரியும்ப்பா. எங்க வார்டுக்கும் அப்படித்தான் வர்றாங்க."

அங்கே விபத்து வார்டில் நர்ஸ்; வேலை நேரத்தில் பிள்ளை ஆஸ்பத்திரிக் காப்பகத்தில். ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டாள். அந்த ஒன்றே நாள் முழுக்க வலிக்கும். மடாட்டுவிலும் ஏறுவதில்லை. அந்த வேனில் இருபது பேரை அடைத்துக்கொண்டு போகிறவன் எப்படி ஓட்டுவான் என்று அவளுக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியாதா? நானே அப்படி ஓட்டினவன்தானே.

கதோனி என்றால் எங்கள் கிகுயு மொழியில் கூச்சக்காரி. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஜூலை 4

எனக்கு எழுதத் தெரியாது. கைபேசியில் ஒரு சிவப்புப் புள்ளியை அழுத்திவிட்டுப் பேசுகிறேன். கத்தாருக்கு வேலைக்குப் போகும் முன் வச்சிரா காட்டிக் கொடுத்தான். "தனியாப் பேசிட்டே திரியறீங்கப்பா. இதுலயாவது பேசுங்க." மகன் அப்பாவுக்குச் செய்த உபகாரம்.

அவன் போனதிலிருந்து கதோனியும் பிள்ளையும் என் வீட்டில்தான். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து ஒரு மாதம். பெயர் கதிமு. என் பெயரும் கதிமு. முதல் பையனுக்கு அப்பனுடைய அப்பன் பெயர். இதில் யாரையும் கலந்தாலோசிப்பது கிடையாது. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பெற்ற பிள்ளையையே அவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. "பெரியவர்" என்கிறாள். மரியாதை ஒரு பொட்டுக் குறையாமல். "பெரியவர் கஞ்சியைத் துப்பிட்டார்." "பெரியவர் டவுசரை நனைச்சிட்டார்." அடுப்பங்கரையிலிருந்து இது காதில் விழும்போதெல்லாம் நான் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். இந்த வயதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச் விட்டு வரும்போது கிராகு பிடித்துக்கொண்டான். என் வயதுக்காரன். ஒரே ஆற்றங்கரையில் ஒரே நாளில் சுன்னத்துக் கத்திக்கு உட்கார்ந்து ஆம்பிளையானவர்கள் நாங்கள். அவன்தான் முகம் சுளித்தான். இப்போது ஜப்பானிலிருந்து வந்த புரோபாக்ஸ் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். அந்தத் திமிர்.

"கதிமு, என் வண்டியில சீட்டுக்குள்ளயே இரும்பு வளையம் இருக்குடா. குழந்தை சீட்ட அதுல டக்குன்னு மாட்டிடலாம். இந்த மாசம் வேற சவாரி பேசியிருக்கேன், ஆகஸ்ட் ஒண்ணாந் தேதியிலேர்ந்து நானே கூட்டிட்டுப் போய் விட்டுர்றேன்னு உன் மருமககிட்டச் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"அதுக்குள்ள அப்பாவோட வண்டி தயாராகலன்னா சரின்னா."

"தயாராயிடும்."

"ஆகட்டும், ஆகட்டும். மொதல்ல உன் வாசல் தூணை நகத்தி வை. பாவம், எத்தனை தடவைதான் அடி வாங்கும்."

அந்தத் தூண் நட்ட இடம் தப்பு. அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். நட்டவன் நான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

என் பேர் கொண்டவன் என் வீட்டு வாசலிலிருந்து கிராகு வண்டியில் ஏறிப் போவதா? நியாஹுருருவிலிருந்து நகுரு வரை, சுபுகியா இறக்கத்தில், இதே பெஜோவில் ஊரையே ஏற்றி இறக்கியவன் நான். ஒரு ஆள் என் கையில் செத்ததில்லை. ஒரு ஆடு செத்தது. அதுவும் ஏறும்போதே சரியில்லாமல்தான் இருந்தது.

ஜூலை 9

வச்சிரா அனுப்பிய சீட் வந்துவிட்டது. விடுப்பில் வந்த அவன் சிநேகிதன் விமானத்தில் சுமந்துகொண்டு வந்தான். ஆகா, என்ன அழகு! ராஜா உட்காரலாம். பின்புறத்தில் இரண்டு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி சீட்டின் இடுக்கில் உள்ள வளையத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.

பெஜோவின் நடு வரிசையில் வைத்தேன். இடுக்கில் கை விட்டுத் தேடினேன். ஒரு சீப்பு கிடைத்தது, காய்ந்த மக்காச்சோளம் கிடைத்தது, யாரோ ஒரு பாட்டியின் காதுவளையம் கிடைத்தது. அந்த வளையம் மட்டும் இல்லை.

கிராகு எங்கிருந்து மோப்பம் பிடித்தானோ, வண்டியோடு வந்துவிட்டான். அவன் வண்டியில் வைத்துத் தள்ளினான்.

டக்.

ஒரு சத்தத்தை இவ்வளவு வெறுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. கதோனி சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். வண்டிதான் ஆடியது. "நல்லாயிருக்கு" என்றாள். ஒரே வார்த்தை. கிராகு அதை வீட்டுக்குப் போகும்வரை மென்றிருப்பான்.

ராஜா சீட் இப்போது கிராகு வீட்டில். "இங்க வச்சா கோழி அசிங்கம் பண்ணிடும்டா" என்று தூக்கிப் போய்விட்டான்.

ஜூலை 12

நகுரு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் வேண்டாமென்று போட்டதெல்லாம் அங்கே மலை மாதிரி. குழந்தை சீட்டும் ஒரு மலை.

"தாத்தா, இதப் பாருங்க. லண்டன்ல ஒரு டாக்டரோட பிள்ளை உக்காந்தது."

"எந்த டாக்டர்?"

"பெரிய டாக்டர்."

"பிள்ளை?"

"அதுவும் இப்ப டாக்டர்தான் தாத்தா."

வாங்கினேன். இதற்கு வளையம் வேண்டாம், பெல்ட் போதும். வீட்டில் கதோனி அதை மேசைமேல் கவிழ்த்து, மேல் துணியை உரித்தாள். கோழி உரிக்கிற வேகம். அடியில் பிளாஸ்டிக்கில் மயிரிழை போல ஒரு கீறல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை.

"இது ஏற்கனவே ஒரு தடவை மோதியிருக்குப்பா."

"அந்த டாக்டர் பிழைச்சிட்டானே."

அவள் சிரிக்கவில்லை. சீட்டைக் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்துவிட்டாள். இன்று சாயங்காலமே ஒரு கோழி அதில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பெல்ட் தேவைப்படவில்லை.

ஜூலை 15

கதோனியோடு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் தன் பிள்ளை வளர்ந்துவிட்டதென்று கொடுத்த சீட். கீறல் இல்லை, மோதல் இல்லை. யாருடைய பிள்ளை என்பது உட்பட எல்லாம் தெரிந்த சீட். இதை முதுகுப் பக்கமாக வைக்க வேண்டும். பிள்ளை வண்டி போகிற திசைக்கு முதுகு காட்டி உட்காரும். பிரேக் அடித்தால் சின்னக் கழுத்து ஒடியாமல் இருக்க அதுதான் வழியாம். கூடவே, சீட்டை எப்படி மாட்டுவது என்று காட்டும் ஒரு படப்புத்தகம். படத்தில் இருக்கிறவனுக்கு முகமே இல்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்த மாதிரி நிற்கிறான். நம் தாலுகா ஆபீசில் இப்படி ஒருவன் உண்டு.

முதலில் முன் சீட்டில் பார்த்தேன். அங்கே இருக்கிற பெல்ட் குழந்தை சீட்டைச் சுற்றி வர ஒரு சாண் போதவில்லை. நடு வரிசைக்கு வந்தேன். அங்கே இடுப்புப் பெல்ட் உண்டு. வாடகை வண்டிக்கெல்லாம் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் வந்த வருடம் போட்டது. முழங்காலை சீட்டில் ஊன்றி, பெல்ட்டை இழுத்து, மூச்சுப் பிடித்து இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். மலை!

சாயங்காலம் கதோனியைக் கூப்பிட்டேன். அவளும் ஆட்டினாள். அசையவில்லை. எனக்கு மார்பு விரிந்தது. அவள் குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பெல்ட் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தாள். ஒரு முறை இழுத்தாள்.

போல்ட் அவள் கையோடு வந்துவிட்டது. கூடவே துருப்பிடித்த தகட்டில் ஒரு துண்டும்.

"இது யார் போட்டது?"

"சட்டம் போட்டது."

உண்மைதான். அந்த வருடம் ஊரில் ஒருத்தன் விடாமல் இப்படித்தான் போட்டோம். சாலையில் நிறுத்துகிற போலீஸ்காரன் எட்டிப் பார்ப்பான். பெல்ட் இருக்கிறதா, இருக்கிறது, போ. அவன் கண்ணைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தப் பெல்ட். ஆளைப் பிடித்து நிறுத்த இல்லை.

அவள் அந்த போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 16

பனி. கதோனி நடந்தாள். பெரியவர் ராத்திரியெல்லாம் இருமினார். நானில்லை. அவர்.

ஜூலை 18

கதோனியே மெக்கானிக் முச்சோகியிடம் போனில் பேசிவிட்டாளாம். நல்ல இரும்பு பார்த்து நல்ல பெல்ட் போடச் சொல்லியிருக்கிறாள். நான் வண்டியைக் கொண்டுபோய் அவன் கொட்டகையில் விட்டால் போதும், வாய் திறக்க வேண்டாம் என்று உத்தரவு. விட்டேன். திறக்கவில்லை.

முச்சோகி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "கவலப்படாதீங்க பெரியவரே. எல்லாருக்கும் வர்றதுதான்" என்றான். துருவைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

ஜூலை 21

இன்று நடந்ததை எப்படிச் சொல்வது.

வண்டியை எடுக்கக் கடைத்தெருவில் இறங்கினேன். டீக்கடை வஞ்சிரு நான் கேட்காமலேயே ஸ்டூல் போட்டாள். டீயை ஆற்றி, தட்டில் ஊற்றி, ஊதிக் கொடுத்தாள்.

"என்ன வஞ்சிரு, இன்னைக்கு இவ்வளவு அன்பு?"

"குடிங்க, குடிங்க. மெதுவா. சட்டையில ஊத்திக்காதீங்க."

சாலையோரம் நடக்கும்போது உருளைக்கிழங்கு வியாபாரி ஒருத்தன் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தான். அவனை எனக்கு யாரென்றே தெரியாது. "பாத்து, தாத்தா, பாத்து" என்று அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். நான் போக வேண்டியது இந்தப் பக்கம். அவன் போகும்வரை காத்திருந்து திரும்பி வந்தேன்.

கொட்டகையில் முச்சோகி பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினான். நடு வரிசையை இல்லை. ஓட்டுநர் சீட்டை. என் சீட்டை! தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு, கால் இடுக்கில் ஒன்று. தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை, பூப்போட்ட துணியில். சீட்டின் மேல் ரப்பர் விரிப்பு.

"இது என்னடா?"

"உங்க மருமக சொன்ன மாதிரியே பண்ணியிருக்கேன் பெரியவரே."

"என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "பெரியவருக்குப் பெல்ட் போடணும்னாங்க. வண்டி ஓட ஆரம்பிச்சதும் தூங்கிடுவார், தலை சாஞ்சிடும்னாங்க. பெல்ட் போட்டாக் கத்துவார், கத்தட்டும், நீங்க காதுல வாங்காதீங்கன்னாங்க. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினான். "சீட் நனையும், அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது விரிச்சிடுங்கன்னாங்க."

"டேய், அது என் பேரனுக்குடா!"

முச்சோகி வாயைப் பொத்திக்கொண்டான். அவனும் கிகுயுதான். அவன் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார், தொட்டிலில். "ஐயோ, அந்தப் பெரியவரா?"

"அந்தப் பெரியவர்தான். நீ யார் யார்கிட்ட இதச் சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. வஞ்சிருகிட்ட மட்டுந்தான்."

வஞ்சிருவிடம் சொன்னால் போதும். வானொலிக்குப் பேட்டரி வேண்டும், அவளுக்கு அதுவும் வேண்டாம்.

ஒன்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "தூங்கிடுவாரு, தலை சாஞ்சிடும்னு சொல்றப்ப உனக்குச் சந்தேகமே வரலையாடா? நான் வண்டி ஓட்டறவன்டா."

அவன் ஸ்பானரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "போன மாசம் இந்தக் கொட்டகைக்கு வர்றப்ப மூணு தடவ தாண்டிப் போய்த் திரும்பி வந்தீங்க பெரியவரே. நான் வாசல்ல நின்னு கைய ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

அன்று வெயில் கண்ணில் அடித்தது. அவ்வளவுதான்.

ஜூலை 22

முட்டாள்தனத்துக்கும் ஒரு பலன் உண்டு போலிருக்கிறது. எனக்குக் கடிவாளம் கட்டுவதற்காக முச்சோகி வண்டியின் தரை விரிப்பை முழுக்கப் பிய்த்திருக்கிறான். நடு வரிசைக்குப் பின்னால், தார் பூசிய அட்டைக்கு அடியில், நாணயம் அளவு ரப்பர் மூடிகள். பிடுங்கினால், மரை வெட்டிய துளைகள். சுற்றிலும் விரல் தடிமனுக்கு இரும்பு. வண்டி பிறக்கும்போதே பெல்ட்டுக்காக வைத்த துளைகள். துரு தொடவில்லை.

இத்தனை வருடம் அதன் மேல் ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே வேறு ஓட்டை போட்டு, மெல்லிசுத் தகட்டில் பெல்ட் மாட்டியிருக்கிறோம். கிணற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மழைக்குப் பிரார்த்தனை செய்த மாதிரி.

முச்சோகி புது பெல்ட்டும் சரியான போல்ட்டும் வாங்கிப் போட்டான். கடிவாளத்தைக் கழற்றவா என்றான். இருக்கட்டும் என்று கோபத்தில் சொல்லிவிட்டு வந்தேன். யார் மேல் கோபம் என்று வீட்டுக்கு வந்த பிறகும் புரியவில்லை.

நடந்ததைக் கேட்டு கதோனி சிரித்த சிரிப்பு! கூச்சக்காரி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சின்னவனும் காரணம் தெரியாமல் கைதட்டினான். நல்லது. எனக்கு மானம் போனால் என்ன, குடும்பம் சந்தோஷமாக இருக்கட்டும்.

ஜூலை 24

இன்று மாட்டினோம். பெஜோ சீட் பின்பக்கம் சரிவு. குழந்தை சீட் ரொம்ப நிமிர்ந்து நின்றது. பிள்ளை தூங்கினால் தலை முன்னால் தொங்கிவிடும். முகமில்லாதவன் படத்தில் துண்டைச் சுருட்டி அடியில் வைக்கிறான். நாங்களும் வைத்தோம். பெல்ட்டை விட்டு, என் முழங்காலை ஊன்றி, கதோனி மறுபக்கம் இழுக்க, நான் அழுத்த — ஆறு மாடு கட்டி உழுத மாதிரி வேர்த்துவிட்டது.

அவள் சீட்டைப் பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். விரல்நுனி அளவுகூட நகரவில்லை. அடியில் கையை விட்டுப் போல்ட்டை இழுத்தாள். தொங்கினாள் என்றே சொல்லலாம். வரவில்லை.

"சீட் சரியாயிடுச்சுப்பா."

"அப்ப நாளைக்குக் காலையில?"

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள். "நாளைக்கு எனக்கு மதியம்தான் டூட்டி" என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 25

மதிய டூட்டிக்கு நடந்துதான் போனாள். சீட் சரி. பெல்ட் சரி. போல்ட் சரி. இருந்தும் நடக்கிறாள்.

கிராகுவிடம் கேட்டேன். அவனிடம் கேட்கிற நிலைமை!

"ஏன்டா, வண்டியில இருக்கிறது ஒரு சீட்டுதானா?" என்றான்.

"என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. உன் மருமக நகுருவுல லைசன்ஸ் வாங்கினவடா. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். பெஜோ ஸ்டீயரிங்கில் என்னைத் தவிர வேறு கை பட்டதில்லை என்பது அவனுக்கும் தெரியும். வச்சிராவே தொட்டதில்லை. எனக்குப் பொறாமைக்காரர்கள் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

விஷயத்தை நானே தீர்த்துவைக்கலாம் என்று கிளம்பினேன். பெரியவர் எடைக்கு உருளைக்கிழங்கை மூட்டை கட்டி, குழந்தை சீட்டில் வைத்து, பட்டை போட்டேன். மூட்டை கத்தவில்லை, பேரனைவிட நல்ல குணம். நானும் முச்சோகியின் கடிவாளத்தைப் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

விடிந்தும் விடியாத நேரம், சுபுகியா இறக்கம், பனி. இந்தச் சாலையில் ஒவ்வொரு குழியும் எனக்கு உறவு. எங்கே பிரேக், எங்கே கியர் எல்லாம் காலே செய்யும். திட்டம் என்னவென்றால், பாதி இறக்கத்தில் சடாரென்று பிரேக் அடித்து, மூட்டை நகர்கிறதா என்று பார்ப்பது. பிறகு கதோனியிடம் போய் நெஞ்சை நிமிர்த்துவது.

பாதி இறக்கம் வருவதற்கு முன்பே பிரேக் அடித்தேன்.

கழுதை வண்டி. பால் கேன்கள். ஓட்டிப் போன பெண் சாலையில் குறுக்கே நடந்துகொண்டிருந்தாள், சிவப்பு ஸ்வெட்டர். சிவப்பு! பனியிலும் தெரிகிற நிறம் அதுதான். எனக்கு அவள் தெரிந்தபோது கழுதையின் காது என் பானட்டுக்கு மேல் இருந்தது.

வண்டி நின்றது. கழுதை என்னைப் பார்த்தது. அந்தப் பெண் கழுதையின் கழுத்தைத் தடவினாள். கேனை எண்ணினாள், என் முகத்தைப் பார்த்தாள், "போங்கப்பா, போய் வீட்ல இருங்க" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

திரும்பிப் பார்த்தேன். மூட்டை வைத்த இடத்தில் வைத்தபடி. ஒரு கிழங்கு உருளவில்லை.

சீட் பாஸ்.

ஜூலை 28

யாரிடமும் சொல்லவில்லை. இந்தச் சிவப்புப் புள்ளியிடம் மட்டும்.

அவளுக்கு முன்பே தெரியும், இல்லையா? தூணுக்கும் தெரியும். முச்சோகிக்கு, வஞ்சிருவுக்கு, என் முழங்கையைப் பிடித்த அந்தக் கிழங்குக்காரனுக்கு... ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியத்தை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மரியாதை! "நீங்க ஓட்டாதீங்க" என்று மாமனாரிடம் ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்? சீட் வேண்டும் என்பாள். பெல்ட் வேண்டும் என்பாள். போல்ட்டைப் பிடித்து இழுப்பாள். நானும் போல்ட் போல்ட்டாக மாற்றிக்கொண்டே வருவேன், கடைசியில் மாற்ற வேறொன்றும் இல்லாமல் போகும்வரை.

சீட் சரியில்லாமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 30

சாயங்காலம் கதோனி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாவியை அந்தக் குவியல் மேல் வைத்தேன்.

"இது எதுக்குப்பா?"

"ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அடிச்சுப் போடக் கூடாது. கேட்டுப் போடணும்."

அவள் சாவியைத் தொடவில்லை. "சீட் சரியாயிருக்குன்னு சொன்னேனே."

"சொன்ன. அதனாலதான்."

கொஞ்ச நேரம் ஒரு குட்டிச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"என்னாச்சுப்பா?"

"ஒரு கழுதை காப்பாத்திடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு ஸ்வெட்டரையும் சொன்னேன். அவள் நர்ஸ் மாதிரி காது கொடுத்துக் கேட்டாள். முடிந்ததும், "அடுத்த புதன் கண் டாக்டர் வர்றார். பேரு எழுதி வைக்கிறேன்" என்றாள்.

"எந்தப் பேரு? பெரியவர்னா?"

அப்போதுதான் சிரித்தாள். சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அது உள்ளே போகிற சத்தத்தைக் கேட்டேன். கிராகு வண்டியின் அந்த 'டக்'கை விட இது பரவாயில்லை.

"நீங்களும் வரணும்" என்றாள். "பெரியவர் கத்துனா நான் ஓட்டறதா, சமாதானப்படுத்தறதா?"

ஆக வேலை போகவில்லை. பதவி இறக்கம்தான்.

ஜூலை 31

முச்சோகி கடிவாளத்தை ஓட்டுநர் சீட்டிலிருந்து கழற்றிக் கடைசி வரிசையில் போட்டான். அங்கேயும் பழைய துளைகள் இருந்தன. பூப்போட்ட தலையணையும் அங்கேயே. "இது எடுத்துடவா?" என்றான். இருக்கட்டும் என்றேன். இந்தத் தடவை கோபமில்லை.

கிராகு ராஜா சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். "வாடகை போச்சேடா" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு வருத்தமில்லை. ராஜா சீட்டை அவன் பேத்திக்கே கொடுத்துவிடச் சொன்னேன். வாங்கிக்கொள்ளும்போது ஒன்றும் கிண்டலடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 1

கதோனி ஓட்டினாள்.

வாசலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். தூணுக்கு இன்று ஓய்வு. ரெண்டாவது கியரில் ஒரு கரகரப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைத்தெருவில் வஞ்சிரு வாயைப் பிளந்து பார்த்தாள். மத்தியானத்துக்குள் சேதி மலைக்கு அந்தப் பக்கம்வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

படப்புத்தகத்தில் முகமில்லாதவன் ஒன்று சொல்ல மறந்துவிட்டான். பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால், நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் வழி முழுக்க ஒரு பிளாஸ்டிக் முதுகைத்தான் பார்த்திருப்பேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் நேருக்கு நேர். அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். இவ்வளவு நேரம் ஒருவன் என் முகத்தை விடாமல் பார்த்ததில்லை, போலீஸ்காரனைத் தவிர. பட்டை மாட்டும்போது கத்தினான். ஓடை தாண்டியதும் நிறுத்தினான். ஒரு காலுறையைக் கழற்றி என் மேல் எறிந்தான். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி எறிந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற இறக்கம் வந்ததும் கதோனி கண்ணாடியில் என்னைத் தேடினாள்.

"வேகம் சரியாப்பா?"

"எனக்கு இங்கேருந்து ரோடு தெரியலம்மா. நீயே பாத்துக்கோ."

ரோடு நன்றாகத்தான் தெரிந்தது. நான் பார்க்கவில்லை.